நீட்டி நிற்கும் கவுண்டர் கல்: பிராக்கெட் உடையவில்லை, கல் ஏன் உடைகிறது?

கடை, வங்கி, ஹோட்டல் வரவேற்பறை, காபி பார் என்று எங்கே போனாலும் கவுண்டரின் மேல்பலகை, கீழே இருக்கும் பெட்டியைவிடக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். எதிரில் நிற்பவரின் கால் பெட்டியில் முட்டக்கூடாது, உட்கார்பவரின் முழங்கால் உள்ளே போக வேண்டும். அதற்காகத்தான் இந்த நீட்டல்.

இப்படி நீட்டிய கல் உடையும்போது, விரிசல் பெரும்பாலும் நுனியில் வராது. பெட்டியின் முன்பலகை முடிகிற கோட்டுக்கு நேர் மேலே, கவுண்டரின் நீளவாக்கில் ஓடும். குனிந்து அடியில் பார்த்தால் இன்னொரு விஷயம் தெரியும். இரும்பு பிராக்கெட்டுகள் அப்படியே இருக்கும், ஒன்றுகூட வளைந்திருக்காது. "தாங்கு நல்லாத்தானே இருக்கு, அப்ப கல்லுலதான் கோளாறு" என்று பழி கல்காரர் மேல் விழும். பல நேரங்களில் கல்லில் கோளாறு எதுவும் இருக்காது. பிராக்கெட் போதிய பலத்தோடு (உடையாமல் தாங்கும் திறன்) இருந்தது, ஆனால் போதிய விறைப்போடு (பாரத்தில் வளைந்து இறங்காத தன்மை) இல்லை. இந்த வேறுபாடு பிடிபட்டால் கவுண்டர் திட்டமிடலில் பாதி வேலை முடிந்த மாதிரி.

எவ்வளவு நீட்ட வேண்டும்?

முதலில் தேவை என்ன என்று பார்க்க வேண்டும். நின்றுகொண்டே பணம் கட்டிப் போகும் கவுண்டருக்கு 50 முதல் 100 மி.மீ. நீட்டலே தாராளம். அங்கே தாங்கு பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. உட்கார வேண்டும் என்றால்தான் கணக்கு மாறுகிறது. அமெரிக்காவில் சமையலறை வடிவமைப்பாளர்கள் பின்பற்றும் வழிகாட்டுதல், மேடையின் உயரத்தைப் பொறுத்து முழங்கால் ஆழத்தைச் சொல்கிறது: 760 மி.மீ. உயரத்துக்கு 460 மி.மீ., 915 உயரத்துக்கு 380, பார் உயரமான 1065-க்கு 305. மேடை உயர உயர, உட்கார்ந்திருப்பவரின் கால் கீழ்நோக்கித் தொங்கும், அதனால் ஆழம் குறைந்தால் போதும். எல்லா உயரத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு 450 மி.மீ. போடுவது, தேவையில்லாத பாரத்தைத் தலையில் ஏற்றிக்கொள்வது.

சக்கர நாற்காலியில் வருபவருக்கான பகுதி இன்னும் கண்டிப்பானது. அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஏடிஏ சட்டத்தின் 2010 தரநிலைப்படி, சேவைக் கவுண்டரின் அந்தப் பகுதி 915 மி.மீ. உயரத்தைத் தாண்டக்கூடாது. நேராக முன்னால் வந்து நிற்கும் வகையில் அமைத்தால், அடியில் முழங்காலுக்கு 685 மி.மீ. உயரமும் 760 மி.மீ. அகலமும் திறந்திருக்க வேண்டும். ஆக, பிராக்கெட்டுக்கு எவ்வளவு உயரம் மிச்சம் என்பதை இந்த எண்களே முடிவு செய்துவிடுகின்றன. 915-ல் கல்லுக்கு 30, முழங்காலுக்கு 685 போனால் 200 மி.மீ. இருக்கிறது. இது நல்ல வசதி. ஆனால் மேடை 760-க்கு இறங்கினால் மிஞ்சுவது 45 மி.மீ.தான். அப்போது தடித்த கை (பிராக்கெட்டில் வெளியே நீட்டும் இரும்பு) வைக்க வழியில்லை, கால் ஊன்றத்தான் வேண்டும்.

கல்லுக்குள் நடப்பது

நீட்டிய பகுதியின் நுனியில் ஒருவர் கையை ஊன்றினால், கல்லின் மேல்பரப்பு இழுபடுகிறது, அடிப்பரப்பு அழுந்துகிறது. கல்லை எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும், இழுத்தால் விட்டுவிடும். கட்டடக் கிரானைட்டுக்கு ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்கத் தர அமைப்பு வகுத்த சி615 தரநிலை, அழுத்த வலிமை குறைந்தது 131 மெகாபாஸ்கல் (ஒரு சதுர மி.மீ.க்கு எவ்வளவு விசை என்பதன் அலகு) இருக்க வேண்டும் என்கிறது. வளைத்து உடைக்கும் வலிமைக்கு அது கேட்பது 10.34 மட்டுமே. கிட்டத்தட்ட பதின்மூன்றில் ஒரு பங்கு. அந்த இழுவிசை உச்சத்தைத் தொடும் இடம், தாங்கு முடிந்து நீட்டல் தொடங்கும் கோடு. விரிசல் அங்கே வருவதற்குக் காரணம் இதுதான்.

கையால் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கவுண்டர் நுனியில் 100 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறி உட்கார்கிறார். வணிக இடத்தில் இது அதிசயமே இல்லை, விளம்பரப் பலகை மாட்ட ஏறி நிற்பவர்களும் உண்டு. அந்தப் பாரத்தைக் கல்லின் 300 மி.மீ. அகலம் ஏற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 மி.மீ. கல், 250 மி.மீ. நீட்டல், அடியில் தாங்கு எதுவும் இல்லை என்றால், மேல்பரப்பின் இழுவிசை ஏறக்குறைய 12.5 மெகாபாஸ்கல். தரநிலை உறுதி தரும் எல்லையைத் தாண்டிவிட்டது. அதே நீட்டலில் 30 மி.மீ. கல் என்றால் 5.5 சொச்சம்தான். கனம் ஒன்றரை மடங்கு கூடியதற்குத் தாங்குதிறன் இரண்டேகால் மடங்கு கூடியிருக்கிறது, ஏனென்றால் இங்கே கனத்தின் இருமடிதான் பேசும்.

அமெரிக்காவின் கல் தொழில் அமைப்பான நேச்சுரல் ஸ்டோன் இன்ஸ்டிட்யூட் சொல்லும் எல்லைகளும் இதோடு ஒத்துப்போகின்றன. தாங்கு இல்லாமல் 20 மி.மீ. கல்லுக்கு 6 அங்குலம், 30 மி.மீ. கல்லுக்கு 10 அங்குலம். அதோடு, நீட்டல் கல்லின் மொத்த அகலத்தில் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை) மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது.

இந்த இடத்தில் பலரும் ஏமாறுவது விளிம்பைப் பார்த்து. 20 மி.மீ. கல்லின் முன்விளிம்பில் இன்னொரு பட்டையை ஒட்டி, 40 மி.மீ. கனம் போலக் காட்டுவது இப்போது வழக்கம். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் விரிசல் விழும் கோட்டில் கல்லின் கனம் 20 மி.மீ.தான். ஒட்டிய பட்டை, நுனியில் கூடுதல் எடையாகத் தொங்குகிறது, அவ்வளவே. வரைபடத்தில் '40 மி.மீ. விளிம்பு' என்று பார்த்துவிட்டு 40 மி.மீ. கல்லுக்கான நீட்டலைக் கொடுத்துவிடக் கூடாது.

பிராக்கெட் வேலை செய்கிறதா, வேடிக்கை பார்க்கிறதா?

சரி, 10 அங்குலத்துக்கு மேல் நீட்ட வேண்டும். இரும்பு பிராக்கெட் போடலாம். 50 மி.மீ. அகலம், 12 மி.மீ. கனமுள்ள ஃபிளாட் பார், பெட்டியிலிருந்து 300 மி.மீ. வெளியே நீட்டி, 600 மி.மீ.க்கு ஒன்று. கல்லுக்கு அடியில் மறைந்துவிடும், முழங்காலில் இடிக்காது என்பதால் இது எல்லோருக்கும் பிடித்த ஏற்பாடு.

நுனியில் 50 கிலோ வைத்தால் அந்தக் கம்பி உடையுமா? உடையாது. இரும்புக்குள் வரும் விசை சுமார் 125 மெகாபாஸ்கல், சாதாரண இரும்பு 250 வரை நிரந்தரமாக வளையாமல் தாங்கும். விற்பவர் "இத்தனை கிலோ தாங்கும்" என்று சொல்வது பெரும்பாலும் இந்தக் கணக்கைத்தான், அதில் பொய்யில்லை. ஆனால் அதே 50 கிலோவுக்கு அந்தக் கம்பியின் நுனி 3 மி.மீ. கீழே இறங்குகிறது. கல் அவ்வளவு வளையாது, அதற்கு வெகு முன்பே உடைந்துவிடும்.

அப்படியானால் கல்லும் கம்பியும் ஒன்றாக இருக்கும்போது பாரத்தை யார் சுமக்கிறார்கள்? எது விறைப்பானதோ அது. இரண்டு பேர் சேர்ந்து ஒரு பீரோவைத் தூக்கும்போது, ஒருவர் முழங்கையை மடக்கிக்கொண்டே போனால் எடை முழுவதும் மற்றவர் கைக்குப் போய்விடும் அல்லவா, அதேதான். ஒரு பொருளின் விறைப்பைக் காட்டும் எண்ணான யங் குணகம் இரும்புக்கு 200 கிகாபாஸ்கல், கிரானைட்டுக்குச் சுமார் 50 என்று எடுத்துக்கொள்ளலாம். பொருளாகப் பார்த்தால் இரும்பு நான்கு மடங்கு விறைப்பு. ஆனால் 30 மி.மீ. கனமும் 600 மி.மீ. அகலமும் உள்ள கல் பட்டை, ஒரு ஃபிளாட் பாரைவிட ஏறக்குறைய 47 மடங்கு விறைப்பாக இருக்கிறது. பாரத்தில் 2 சதவீதம் கம்பிக்கு, மிச்சம் எல்லாம் கல்லுக்கு. கல் விரிசல் விடும் வரை கம்பி சும்மா நிற்கிறது. விரிசல் விட்ட பிறகு, துண்டு கீழே விழாமல் பிடித்துக்கொள்கிறது. அதுவும் பெரிய உதவிதான், கீழே யாருடைய கால் இருக்குமோ. ஆனால் விரிசலைத் தடுக்க அந்தக் கம்பியை நம்பியிருந்தால் ஏமாற்றம்தான்.

இப்போது ஃபிளாட் பாருக்குப் பதிலாக 40க்கு 40, 3 மி.மீ. கனமுள்ள ஸ்க்வேர் டியூப். இரும்பின் அளவு ஃபிளாட் பாரைவிட நான்கில் ஒரு பங்கு குறைவு. ஆனால் விறைப்பு 14 மடங்கு. நுனித் தொய்வு 3 மி.மீ.யிலிருந்து 0.2-க்கு இறங்குகிறது. 30 மி.மீ. கல்லோடு சேர்ந்தால் பாரத்தில் கால்வாசியையும், 20 மி.மீ. கல்லோடு சேர்ந்தால் பாதியையும் டியூப் எடுத்துக்கொள்ளும். உயரம் 80 மி.மீ. உள்ள டியூப் வைத்தால் 30 மி.மீ. கல்லோடுகூடப் பாதிக்கு மேல் அதன் பங்கு. இரும்பை அகலவாட்டில் கூட்டுவதைவிட உயரவாட்டில் கூட்டுவதுதான் வேலை செய்யும். முக்கோணமாக முட்டுக் கொடுத்து வெல்டிங் செய்த பிராக்கெட் இவ்வளவு காலம் நின்றதற்கும் அதன் வேரில் (பெட்டியோடு சேரும் இடத்தில்) இருக்கும் உயரம்தான் காரணம். அழகில்லை என்று அதை ஒதுக்குகிறோம், அது வேறு கதை.

தொய்வுக்கு ஓர் எல்லை வேண்டும் என்றால், இயற்கைக் கல் தளங்களுக்குப் பயன்படும் அளவுகோலைக் கடன் வாங்கலாம்: நீளத்தில் 720-ல் ஒரு பங்கு. 300 மி.மீ. நீட்டலுக்கு இது 0.4 மி.மீ. டியூப் தேறுகிறது, ஃபிளாட் பார் தோற்கிறது.

பாரத்துக்கு எந்த எண்ணை எடுப்பது? கவுண்டர் நுனிக்கென்று தனி எண் தேடி அலைவதைவிட, மனிதர்கள் சாயும், உட்காரும் பொருட்களுக்கான எண்ணை எடுப்பது நல்லது. ஏடிஏ தரநிலை கைப்பிடிகளுக்கும் உடைமாற்றும் அறை இருக்கைகளுக்கும் 250 பவுண்டு, அதாவது சுமார் 113 கிலோ கேட்கிறது. கவுண்டரையும் மனிதர்கள் அப்படித்தான் நடத்துகிறார்கள். காபி இயந்திரம் போன்ற கனமான கருவியை நீட்டலின் மேல் வைக்கும் பேச்சே வேண்டாம், அதன் இடம் பெட்டிக்கு மேலே.

பின்பக்கம் என்ன ஆகிறது?

முன்னால் நீட்டும் ஒவ்வொரு கையும் பின்னால் மேல்நோக்கி எம்புகிறது. வெளியே 400 மி.மீ., பெட்டிக்குள் 200 மி.மீ. இருந்தால், நுனியில் 50 கிலோ வைக்கும்போது பின் முனை 100 கிலோ விசையோடு மேலே எழப் பார்க்கும். உள்ளேயும் 400 விட்டால் அது 50-ஆகக் குறையும், 600 விட்டால் 33. எனவே வெளியே நீட்டும் அளவாவது உள்ளே இருக்க வேண்டும், ஒன்றரை மடங்கு கிடைத்தால் இன்னும் நிம்மதி. அந்தப் பின் முனையைப் பிடித்திருப்பது என்ன என்றும் பார்க்க வேண்டும். பார்ட்டிகிள் போர்டில் இறக்கிய ஸ்க்ரூ, மேல்நோக்கி இழுத்தால் தூளோடு வந்துவிடும். பலகையைத் துளைத்து, அடியில் அகலமான வாஷர் வைத்து நட்டு போட்ட போல்ட்தான் நிற்கும்.

அப்புறம் மொத்தப் பெட்டியே கவிழும் ஆபத்து. நடுவில் தனியாக நிற்கும் கவுண்டர் ஒன்று: பெட்டியின் ஆழம் 600, நீட்டல் 450, நீளம் 2 மீட்டர், 30 மி.மீ. கல். கல் மட்டும் சுமார் 170 கிலோ. பார்த்தால் அசைக்க முடியாதது போலத் தோன்றும். ஆனால் கல்லின் எடை மையம், பெட்டியின் முன்விளிம்பிலிருந்து வெறும் 75 மி.மீ. உள்ளேதான் இருக்கிறது. 80 கிலோ பெட்டியையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், நுனியில் ஒருவர் 50 கிலோ அளவுக்குச் சாய்ந்தால் நிற்கும். இரண்டு பேர் அப்படிச் சாய்ந்தால் கவிழத் தொடங்கும். தரையில் ஆங்கர் போல்ட் போடாமல் இதை விடவே கூடாது. இந்தக் கவுண்டரின் நீட்டல் மூன்றில் ஒரு பங்கு விதியையும் மீறுகிறது என்பதைக் கவனியுங்கள். அந்த விதி கல் உடைவதைப் பற்றியது மட்டுமல்ல.

அரைச்சுவரின் மேல் உட்காரும் பார் மேடைக்கு வேறொரு சிக்கல். 1050 மி.மீ. உயரத்தில் ஒருவர் 90 கிலோ விசையோடு பக்கவாட்டில் தள்ளினால், 100 மி.மீ. இடைவெளியில் இரண்டு வரிசை போல்ட் உள்ள பேஸ் பிளேட்டில் (தரையில் பதியும் அடித்தகடு), இழுபடும் பக்கத்து போல்ட்டுகள் ஏறக்குறைய 950 கிலோ விசையைச் சந்திக்கும். மரச்சட்டங்களை ஆணியடித்து எழுப்பிய அரைச்சுவருக்கு இது கட்டாது. சுவருக்குள்ளேயே இரும்புத் தூண் நிறுத்தி, டைல்ஸுக்குக் கீழே கான்கிரீட் வரை போல்ட் இறக்கி, தூணின் தலையில் குறுக்குக் கையை வெல்டிங் செய்துவிட வேண்டும். பேஸ் பிளேட்டைக் கொஞ்சம் அகலமாக்கினால் விசை உடனே குறையும், செலவில்லாத வைத்தியம் அது.

இடம் இருந்தால் என் ஓட்டு எப்போதும் காலுக்குத்தான். நீட்டலின் நுனிக்கருகே தரைக்கு இறங்கும் ஒரு கால், அல்லது இரண்டு ஓரங்களிலும் தரைவரை இறங்கும் பலகையும் அவற்றை இணைக்கும் ஒரு டியூபும் இருந்தால், கேன்டிலீவர், அதாவது ஒரு முனையில் மட்டும் பிடிபட்டு மறுமுனை அந்தரத்தில் நிற்பது, என்ற சிக்கலே போய்விடுகிறது. கால் தெரியாமல் மிதப்பது போல இருக்க வேண்டும் என்று வடிவமைப்பாளர் கேட்பது நியாயம்தான். அதற்கு எவ்வளவு இரும்பு வேண்டும் என்பதையும் அதே கூட்டத்தில் சொல்லிவிட வேண்டும்.

ஓட்டை, இணைப்பு, மட்டம்

வயர் போக ஓட்டை, குழாய்க்கு ஓட்டை, சிங்க் வெட்டு எல்லாம் எப்படியோ சரியாக அந்த ஆபத்தான கோட்டுக்கு மேலேயே வந்து உட்காரும். வெட்டின் உள்மூலைகளைக் கூர்மையாக விடாமல் குறைந்தது 10 மி.மீ. ஆரத்தில் வளைக்க வேண்டும். எல் வடிவக் கவுண்டரின் உள்மூலைக்கும் இதே விதி. இரண்டு கற்கள் சேரும் இணைப்பு நீட்டலில் வந்தே தீரும் என்றால், இணைப்பின் இரு பக்கமும் நெருக்கமாக ஒவ்வொரு கை வேண்டும்.

பிராக்கெட்டுகளின் தலை ஒரே மட்டத்தில் இருப்பதும் முக்கியம். ஒன்று மட்டும் 1 மி.மீ. தூக்கலாக இருந்தால், கல் முழுவதும் அதன் மேல் ஊஞ்சலாடும். சிலிகான் அந்த இடைவெளியை நிரப்பும், ஆனால் பாரத்தைச் சுமக்காது. நீளமான அலுமினிய மட்டக்கோலை எல்லாக் கைகளின் மேலும் வைத்துப் பார்த்து, ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வைத்துச் சரிசெய்த பிறகே கல் ஏற வேண்டும்.

மற்ற மேல்பலகைகளைப் பற்றிச் சுருக்கமாக. குவார்ட்ஸ் கல் வளைவில் கிரானைட்டைவிட நன்றாகத் தாங்கும், இருந்தாலும் தயாரிப்பாளர் தரும் நீட்டல் எல்லையைத் தாண்டினால் உத்தரவாதம் போய்விடும். 40 மி.மீ. கான்கிரீட் பலகை சதுர மீட்டருக்கு 96 கிலோ, 30 மி.மீ. கிரானைட்டோ 80 சொச்சம். தூக்கி வைக்கும் ஆட்களின் எண்ணிக்கையே மாறும். லேமினேட் ஒட்டிய பார்ட்டிகிள் போர்டு உடையாது, ஆனால் தொடர்ந்து பாரம் இருந்தால் மாதக்கணக்கில் மெதுவாகத் தொய்ந்துகொண்டே போகும். கெட்டி மரப்பலகை ஈரத்துக்கு ஏற்ப அகலவாட்டில் நீண்டு சுருங்கும் என்பதால், பிராக்கெட்டில் வட்ட ஓட்டைக்குப் பதில் நீள்துளை வேண்டும்.

யார், எப்போது?

வணிக இடங்களில் கவுண்டர் கெடுவதற்குக் கணக்கைவிடப் பெரிய காரணம், பிராக்கெட் யாருடைய வேலை என்று எழுதாமல் விடுவது. தச்சர் அது கல்காரர் கொண்டுவருவது என்று நினைப்பார். கல்காரர், இரும்பு வேலை செய்யும் ஃபேப்ரிகேட்டர் ஏற்கெனவே வைத்திருப்பார் என்று நினைப்பார். ஃபேப்ரிகேட்டருக்கு அப்படி ஒரு கவுண்டர் இருப்பதே தெரிந்திருக்காது. கடைசியில் கல் வந்து இறங்கிய அன்று, அருகில் கிடைத்த எல் ஆங்கிளை வாங்கி வந்து முடிந்துபோன சுவரில் அடிப்பார்கள்.

இதைத் தவிர்க்க, சுவரின் பலகை மூடுவதற்கு முன்பே ஒரு வெட்டுத்தோற்ற வரைபடம் கையில் இருக்க வேண்டும். கல்லின் உண்மையான கனம், நீட்டல், ஒவ்வொரு கையும் வரும் இடம், உள்ளே போகும் நீளம், போல்ட் எதைப் பிடிக்கிறது, முழங்காலுக்கு எவ்வளவு மிச்சம் என்று அந்த ஒரு தாளிலேயே வந்துவிடும். கைகளின் இடைவெளி 30 மி.மீ. கல்லுக்கு 600-ஐத் தாண்டாமலும், 20 மி.மீ. கல்லுக்கு 400 முதல் 450-க்குள்ளும் இருக்கட்டும். ஒவ்வொரு கையும் நீட்டலில் மூன்றில் இரண்டு பங்கு வரையாவது போக வேண்டும். உட்காரும் ஸ்டூல்களின் இடத்தையும் அதிலேயே குறித்துவிட்டால், கை நேராக யாருடைய முழங்காலுக்கு எதிரிலும் வராது.

கல்லுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய இன்னொரு வேலை இருக்கிறது. மேலே போட்ட தொய்வுக் கணக்கெல்லாம், கையின் வேர் அசையவே அசையாது என்று வைத்துக்கொண்டு போட்டது. நிஜத்தில் பெட்டியின் பலகை நசுங்கும், சுவர் கொஞ்சம் சாயும், போல்ட் ஓட்டையில் தளர்வு இருக்கும். காகிதத்தில் 0.2 வந்த கை, இடத்தில் 2 மி.மீ. இறங்கலாம். எனவே இரும்பு மட்டும் நிற்கும்போதே, ஒவ்வொரு கையின் நுனியிலும் 50 கிலோ மூட்டை ஒன்றைத் தொங்கவிட்டு, தரையிலிருந்து நுனி உயரத்தை, மூட்டை தொங்கும் முன்பு ஒருமுறையும் தொங்கிய பின்பு ஒருமுறையும் அளந்து பாருங்கள். அரை மி.மீ.க்குள் நின்றால் கல்லை வரச் சொல்லலாம். அதற்கு மேல் இறங்கினால் டியூபை மாற்ற அவசரப்படாமல் முதலில் வேரைப் பாருங்கள், இன்னும் இரண்டு போல்ட்டும் பலகைக்கு அடியில் ஓர் இரும்புத் தகடும் போட்டாலே பல நேரம் போதும்.